மூடி வைத்த செட்டைத் திறக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய அம்ப்ளிபயர் ஒன்றைப் பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அநேகமானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: "பல வருடமாக மூடியே கிடக்கிறது." திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிக் கிடக்கும் பெட்டிகள் எத்தனையோ. என் வேலை மேசைக்கு வருகிறவற்றில் பாடிப் பாடித் தேய்ந்தவை குறைவு. மூடிக் கிடந்து கெட்டவைதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களை வாசியுங்கள்.

கேள்வி: அப்பாவின் சன்சுய் அம்ப்ளிபயரை 20 வருடத்துக்கு மேலாகப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம். அப்பா போன பிறகு யாரும் தொடவில்லை. பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, உப்புவெளி

வேண்டாம் தங்கச்சி, இன்னும் போட வேண்டாம். முதலில் அந்தப் பொலித்தீனைக் கழற்றி எறியுங்கள். பாதுகாப்புக்கென்று சுற்றியதுதான், ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வர அது வழி விடாது. நம்முடைய கடற்காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் இரவு நேரத்தில் அந்த அளவு மிகச் சாதாரணம். செப்பில் பச்சை பூப்பதும், ஸ்குரூ கறள் கட்டுவதும், சுவிட்சுக்குள் கறுப்புப் படிவதும் இதனால்தான்.

பிளக்கில் போடாமலே மேல் மூடியைத் திறந்து பாருங்கள். பல்லி முட்டை, கரப்பான் எச்சம், காய்ந்த பல்லி என்று ஏதாவது இருக்கும். காற்றோட்டத்துக்கு விட்ட துவாரங்கள் வழியாகப் பல்லி உள்ளே போய் சர்க்கிட்டின் இரண்டு கோடுகளுக்குக் குறுக்கே செத்துக் கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். மென்மையான பெயின்ற் பிரஷால் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

அடுத்தது கப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம். பெரிய உருளை மாதிரி இரண்டு நிற்கும். உள்ளே அலுமினியத் தகடு, அதன் மேல் மிக மெல்லிய ஒட்சைட் படலம், இடையில் இரசாயனத் திரவம். வருடக்கணக்கில் கரண்ட் காணாவிட்டால் அந்தப் படலம் மெலிந்துபோகும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் கரண்ட் உள்ளுக்குள் கசிந்து, சூடேறி, வெடிக்கவும் கூடும். தலை உப்பியிருந்தாலோ அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். வெளியில் நன்றாகத் தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது: 60 வோட்ஸ் இழை பல்ப் ஒன்றைக் கரண்ட் வரும் லைனில் தொடராக இணைத்து, அதன் வழியாகச் செட்டுக்கு மின்சாரம் கொடுப்பது. இழை உள்ள பழைய குண்டு பல்ப்தான் வேண்டும், எல்.ஈ.டி. உதவாது. இதை வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டே செய்வியுங்கள். போட்டவுடன் பல்ப் ஒரு முறை பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல செய்தி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோட். உடனே நிறுத்துங்கள்.

மங்கினால் சில நிமிடம் விட்டு நிறுத்தி, மறுபடி போட்டு, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினால் அந்த ஒட்சைட் படலம் திரும்ப உருவாகும். இந்த நேரத்தில் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். பிறகு பல்ப்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுத்து, மல்டிமீட்டரை டீ.சீ.யில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (கொயில்) எரியும், அம்ப்ளிபயர் வேலைக்குப் போக வேண்டும். எல்லாம் சரியென்றால் முதலில் மலிவான ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அதைக் காதால் பிரித்தறியப் பழகுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் கப்பாசிட்டர் பலவீனமாக இருந்தால் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். எர்த்திலோ வயரின் உறையிலோ பிழை என்றால் 50, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. இரண்டு தடவை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

சன்சுய் கம்பனி 1947இல் டோக்கியோவில் ட்ரான்ஸ்போமர் செய்யத்தான் தொடங்கியது. உங்கள் பெட்டியின் பாரத்தில் பெரும்பங்கு அந்த ட்ரான்ஸ்போமர்தான், அது இலேசில் சாகாது. அப்பாவின் செட் திரும்பப் பாடும் என்றே நினைக்கிறேன். பாடத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு நாளாவது போடுங்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும், கப்பாசிட்டரும் தன் படலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த செகண்ட்ஹாண்ட் சாமான்களுக்குள் ஒரு அழகான ரிசீவரும் டேர்ன்டேபிளும் எடுத்தேன். எப்.எம்.மில் ஒன்றிரண்டு நிலையத்துக்கு மேல் பிடிக்கவில்லை. டேர்ன்டேபிளில் எல்லாப் பாட்டும் சோகமாக இழுக்கிறது. இரண்டையும் 100 வோல்ட் ட்ரான்ஸ்போமரில்தான் போட்டிருக்கிறேன்.
– கிண்ணியா வாசகர்

தம்பி, ட்ரான்ஸ்போமர் போட்டீர்களே, அதுவே பெரிய காரியம். 100 வோல்ட் செட்டை நம் 230இல் நேரே போட்டு எரித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த ட்ரான்ஸ்போமரின் கொள்ளளவு, செட்டின் பின்தகட்டில் எழுதியுள்ள வோட்ஸைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் சூடாகாமல் நிற்கும்.

ரிசீவரில் பழுது இல்லை. ஜப்பானின் பழைய எப்.எம். 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்முடையது 87.5இலிருந்து 108. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வருகிற அந்தச் சின்ன இடத்தில் இருக்கும் நிலையங்கள் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். நிலையம் பிடிக்கும் பகுதியான டியூனரைக் கழற்றி இழுத்துப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். ஐரோப்பாவுக்கோ வளைகுடாவுக்கோ செய்த தனி டியூனர் ஒன்றை வாங்கி, ரிசீவரின் பின்னால் 'ஒக்ஸ்' (AUX) என்று எழுதிய துவாரத்தில் கொடுங்கள்.

டேர்ன்டேபிள் இழுப்பதற்குக் காரணம் வேறு. ஜப்பானில் டோக்கியோப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாப் பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது, இன்றுவரை அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. உங்களுடையது ஒசாகாப் பக்கத்து 60 ஹெர்ட்ஸ் மோட்டார் என்று நினைக்கிறேன். 50இல் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். வோல்ட்டை மாற்றுகிற ட்ரான்ஸ்போமர் ஹெர்ட்ஸை மாற்றாது. தட்டைத் தூக்கி, மோட்டாரின் அச்சில் இருக்கும் சின்னச் சில்லை, அதாவது புலியை (pulley), பாருங்கள். சிலவற்றில் 50க்கு ஒன்று, 60க்கு ஒன்று என்று இரண்டு புலி கூடவே கொடுத்திருப்பார்கள், பெட்டியின் அடியில் ஸ்குரூவில் மாட்டியிருக்கும். இல்லாவிட்டால் லேத் பட்டறையில் சொல்லி, விட்டத்தை 1.2 மடங்காக்கிப் பித்தளையில் கடைந்து எடுக்கலாம். பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் அந்தக் கணக்கோடு பெல்ட்டின் தடிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஸ்பீக்கரின் பேஸ் கோனைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையம் தொட்டாலே தூளாகக் கொட்டுகிறது. பழுது பார்க்கும் இடத்தில் ரெக்ஸின் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஓர்ஸ் ஹில் வாசகர்

ரெக்ஸின் வேண்டவே வேண்டாம் தம்பி. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் நல்ல ஸ்பீக்கர்களை இந்த ரெக்ஸின்தான் ஊமையாக்குகிறது.

அந்த வளையம் கோனைத் தாங்குவதோடு, அது முன்னும் பின்னும் எவ்வளவு இலகுவாகப் போய் வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. வளையம் விறைத்தால் கோனின் இயல்பான அதிர்வு மேலே ஏறிவிடும். பிறகு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்காது. 'டொக்' என்ற சத்தம்தான் மிஞ்சும். சைக்கிள் டியூப் இறப்பரும் அப்படித்தான்.

பொலியூரித்தேன் ஸ்பொஞ்ச் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து தானாகச் சிதைகிற பொருள். பாடினாலும் சரி, மூடி வைத்தாலும் சரி, நம் காலநிலையில் அது உதிரத்தான் செய்யும். ஆகவே இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. இறப்பர் வளையமோ மடித்த துணி வளையமோ உள்ள ஸ்பீக்கர்கள் அதிக காலம் நிற்கும்.

புது ஸ்பொஞ்ச் வளையம் இணையத்தில் வாங்கலாம். '8 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 8 அங்குலம் என்ற பெயரில் வருகிறவை கம்பனிக்குக் கம்பனி மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடும். கோனின் வெளி விட்டம், பிரேமின் உள் விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வளையம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா கீழே ஒட்டியிருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள்.

பழைய பிசினைப் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பாமசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டு இளக்கலாம். தின்னர் பக்கமே போக வேண்டாம், காகிதக் கோனும் அதன் பூச்சும் கெடும். பிசினுக்கு, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் வெள்ளைப் பி.வீ.ஏ. வகை போதும். சுப்பர் குளூ விறைத்துப்போகும். முதலில் வளையத்தைக் கோனில் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். பிரேமில் ஒட்டுகிற இரண்டாம் கட்டத்தில்தான் திறமை வேண்டும்: கொயில் காந்தத்தின் இடைவெளிக்குள் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நடுவிலுள்ள மூடியைப் பிளேட்டால் வெட்டித் தூக்கி, கொயிலுக்கு உள்ளே நான்கு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகிவிட்டு ஒட்டுவது நிச்சயமான வழி. மூடியை வெட்ட மனம் இல்லையென்றால் 30 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மெதுவாகக் கொடுத்துக்கொண்டே, உரசல் சத்தம் முற்றாக நிற்கும் இடத்தில் அழுத்தி ஒட்டலாம்.

இடது வலது இரண்டையும் ஒரே தடவையில் செய்யுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பாட்டு ஒரு பக்கம் சாயும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன, பெரும்பாலும் நாதஸ்வரம். வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

ஐயா, ஸ்பிரிட்டைத் தயவுசெய்து அந்த அறையிலேயே வைக்காதீர்கள். 78 தட்டு அரக்கில் செய்தது. அல்கஹோல் பட்டால் அரக்கு கரையும், அதோடு அந்தக் கோட்டிலிருந்த நாதமும் போய்விடும். மேலே நான் சொன்ன ஐசோபுரொப்பைல் வேறு வேலைகளுக்கு. பிற்கால வைனில் தட்டுக்குத் தண்ணீரோடு கொஞ்சம் கலந்து பாவிப்பவர்கள் உண்டு. அரக்குக்கு ஒரு துளியும் கூடாது.

முதலில் முற்றத்தில், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டி எடுங்கள். பிறகு சாதாரணச் சூட்டிலுள்ள சுத்தமான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பழைய பருத்தி வேட்டித் துண்டை அதில் நனைத்துப் பிழிந்து, கோடு போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள லேபலில் தண்ணீர் படக்கூடாது. ஊற வைக்கவும் கூடாது. நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஊசி விடயம் முக்கியம். 78இன் கோடு அகலமானது. அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரோன் நுனியுள்ள ஊசி வேண்டும். பிற்கால வைனில் தட்டான எல்.பி.க்குரிய ஊசியின் நுனி 18 மைக்ரோன் அளவுதான். அதைப் போட்டால் கோட்டின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் சுரண்டிப் பாடும். நல்ல தட்டையும் 'கெட்டுப்போச்சு' என்று ஒதுக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பிழைதான். ஊசியைத் தாங்கும் பாகமான கார்ட்ரிஜ் பலவற்றுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கும்.

அந்தப் பெட்டியில் டி.என். ராஜரத்தினம்பிள்ளையின் தோடி இருக்கிறதா என்று பாருங்கள். 10 அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாடும். அந்தச் சின்ன இடத்துக்குள் அவர் ராகத்தை விரிக்கும் விதத்தைச் சரியான ஊசியில் கேட்டுவிட்டு எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: பழைய வால்வ் ரேடியோவின் பின்பக்கத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் கொடுத்தால் சரியாகுமா?
– நிலாவெளி வாசகர்

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். வால்வுகளின் பெயரைப் பாருங்கள். யூ.சீ.எச்., யூ.எல்., யூ.வை. என்று 'யூ' எழுத்தில் தொடங்கினால் அது ட்ரான்ஸ்போமர் இல்லாத செட். அதில் உள் இரும்புச் சட்டமே மின்சார லைனோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சட்டம் முழுதும் 230 வோல்ட். அதற்கு எர்த் கொடுப்பது ஆபத்து. ட்ரான்ஸ்போமர் உள்ள செட் என்றாலும் ஷாக் அடிப்பது உயிர்ப் பிரச்சினைதான். வால்வ் செட்டுக்குள் பிளக்கைக் கழற்றிய பிறகும் 250 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். இதை நீங்களாகத் திறக்க வேண்டாம். வால்வ் வேலை தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எண்பதுகளில் என் கணவர் குவைத்திலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார். அவர் இப்போது இல்லை. கசெட்டுகள் இருக்கின்றன, டெக் ஓடவில்லை, உள்ளே தார் மாதிரி ஏதோ ஒழுகியிருக்கிறது. அந்தக் குரலைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகி, மூதூர்

முடியும் அக்கா. ஆனால் நான் சொல்லும் வரிசைப்படி செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம்.

டெக்கில் ஒழுகியிருப்பது இறப்பர் பெல்ட். காலம் போனால் அது இப்படி உருகித் தாராகும். அல்கஹோல் தொட்ட பஞ்சால் புலிகள் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துப் புது பெல்ட் போட வேண்டும். கையில் பட்டால் இலேசில் போகாது, கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் கணவரின் கசெட்டை அந்த டெக்கில் முதலில் போடக் கூடாது. கவலையில்லாத ஏதாவது பாட்டுக் கசெட்டைப் போட்டு, நாடாவைச் சுருட்டி விழுங்காமல் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

கசெட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சணம். வேகமாகச் சுற்றாமல், பென்சிலை நடுத் துளையில் விட்டு மெதுவாகக் கையால் சுற்றுங்கள். சுருள்கள் ஒட்டியிருந்தால் இழுவை தெரியும், அங்கே நிறுத்திவிட்டு விபரம் தெரிந்தவரைத் தேடுங்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளி மெத்தை இருக்கும். அது விழுந்திருந்தால் குரல் மங்கிப் போய் வரும். கசெட்டைத் திறந்து நாடாவை ஸ்குரூ உள்ள வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், பிறகு தவறியும் அதன் மேல் பதிவாகாது.

எல்லாம் செய்தும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அங்கே அவர் பேசிப் பதிந்த மெஷினின் ஹெட், அதாவது நாடாவைத் தொட்டுப் பதியவும் வாசிக்கவும் செய்யும் பாகம், ஒரு மயிரளவு சாய்ந்திருக்கும், உங்கள் டெக்கின் ஹெட் வேறொரு கோணத்தில் இருக்கும். கசெட் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீட்டர்தான் ஓடுகிறது. அவ்வளவு மெதுவாக ஓடும்போது இந்தச் சின்னச் சாய்வே 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும். கசெட் ஓடும்போதே அதை இரு பக்கமும் மிக மெதுவாகத் திருப்பினால், ஒரு இடத்தில் குரல் திறந்து தெளியும். அந்த நாடாவுக்கு அதுதான் சரியான கோணம். இன்னொரு வருடத்தில் இன்னொரு மெஷினில் பதிந்த கசெட்டுக்குத் திரும்பவும் சரிசெய்ய வேண்டும்.

தெளிந்தவுடனே கொம்பியூட்டரில் பதிந்துவிடுங்கள். 'வேவ்' வடிவத்தில் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், இரைச்சலை நீக்கும் வேலையை ஒரு பிரதியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரைச்சல் நீக்கும்போது மூச்சுச் சத்தமும் போய்விடும். அந்த மூச்சும் உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். பிரதிகளைப் பிள்ளைகள் வீட்டிலும் வையுங்கள், கசெட்டை எறியாதீர்கள். ஊரில் யாரும் இல்லையென்றால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், திருகோணமலைக்கு வரும்போது என் மேசையிலேயே செய்து தருகிறேன். காசு வேண்டாம்.

கேள்வி: செட்டைத் திருத்தி எடுத்தாயிற்று. மாரி வருகிறது. திரும்பவும் அலுமாரிக்குள் வைப்பதா, வெளியில் வைப்பதா?
– திருகோணமலை நகர வாசகர்

வெளியில். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டாம், வெளிச் சுவரோடு ஒட்டவும் வேண்டாம். ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மேலே பருத்தித் துணி போடலாம், பாடும்போது எடுத்துவிட வேண்டும். பல்லி போகாமல் இருக்க, காற்றுத் துவாரத்தின் வெளிப்பக்கம் மெல்லிய நைலோன் வலை ஒட்டலாம். வலையைத் தூசி அடைக்க விடாதீர்கள், சூடு வெளியேற வேண்டும்.

மர வேலை, வார்னிஷ், ஸ்பீக்கர் ஒட்டுகிற வேலை எல்லாவற்றையும் வரண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரட்சியில் பிசினும் வார்னிஷும் நன்றாகக் காயும். ஆனால் அதே கச்சானில் மரப் பெட்டியின் மூட்டுகள் விரியும், ஆகவே வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். வாடை தொடங்கி மழை பிடித்துவிட்டால் புது வேலை எதையும் எடுக்காமல் இருப்பதைக் கொண்டு பாட்டுக் கேளுங்கள். மாரியில் செட்டைத் தினமும் அரை மணியாவது போடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி இறங்கும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கையும் கூரையிலிருந்து வரும் ஏரியல் வயரையும் கையோடு கழற்றி வையுங்கள். இடி தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே செய்துவிட வேண்டும், தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடக் கூடாது.